மொட்டைக்குப் பிறகு தளர்ந்த முகமூடி

அந்தத் திங்கட்கிழமை காலை மிஷின் அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய டாக்டர். கதிர் கொடுக்கும் பிரிவு முழுவதும் அவர் பொறுப்பு. பிசிக்ஸ் சார். கதிர் எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு என்று கணக்குப் போடுகிறவர், முப்பது வயது இருக்கும். மிஷினை ஓட்டும் அக்கா. என்னைவிடச் சின்னவர், ஆனாலும் பிரிவில் எல்லாருக்கும் அவர் அக்காதான். நோயாளி கன்னியம்மா. அவருடைய தம்பி தேவராஜ். முகத்துக்கு அச்சு எடுக்கும் மோல்டு ரூம் ஆளாக நான். ஆறு பேர்.

நீங்கள் இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்கள். மிஷினைப் பற்றி உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். கட்டடங்களில் பிளாஸ்டர் கலந்துகொண்டிருந்தேன். முகத்துக்கு அச்சு எடுக்க ஆள் வேண்டும் என்று எண்பதுகளில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார்கள். அப்படியே இருந்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது தலையை அசையாமல் பிடித்து வைப்பது ஒன்றுதான். அதனால் தலையைப் பற்றித்தான் சொல்வேன்.

உடம்பில் வேறு எங்கோ வந்த புற்றுநோய் மூளைக்குப் பரவினால், நான் சேர்ந்த காலத்தில் ஒரே வழிதான். தலை முழுவதுக்கும் கதிர். இரண்டு வாரம், வலப்பக்கம் பாதி, இடப்பக்கம் பாதி. தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்தால் போதும். கொஞ்சம் அசைந்தாலும் பாதகமில்லை, எப்படியும் தலை முழுக்கத்தான் படப்போகிறது. முடி கொட்டும். தலைவலி குறையும். சிலர் சில மாதம் கழித்து மந்தமாகிப்போவார்கள். வைத்த பொருள் எங்கே என்று தேடுவார்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் புது மிஷின் வந்தது. கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் கதிரைக் குவிக்கலாம் என்றார்கள். அதிலும் இரண்டு வகை. ஒன்று, இரும்பு வளையத்தை நான்கு திருகாணி போட்டு மண்டை ஓட்டிலேயே பிடித்து, எல்லாக் கதிரையும் ஒரே நாளில் கொடுப்பது. திருகாணி போட மூளை ஆபரேஷன் டாக்டர் வர வேண்டும். மற்றது, முகமூடி போட்டுப் பிடித்து, ஐந்து நாளாகப் பிரித்துக் கொடுப்பது. முகமூடி என் வேலை. வெந்நீரில் போட்டால் பிளாஸ்டிக் ஷீட் துணி மாதிரி இளகும். அதை முகத்தின்மேல் இழுத்துப் பிடித்தால் ஆறி, அந்த முகமாகவே இறுகிவிடும். ஓரத்தை மேஜையோடு சேர்த்து மாட்டிவிடுவோம். அந்தத் தலை அப்புறம் எங்கும் போகாது. போகக் கூடாது.

கன்னியம்மா இரும்புலியூர்க்காரர். நிலம் இருந்த குடும்பம். நிலமெல்லாம் மனையாகிப்போன பிறகு பெருங்களத்தூரில் பஸ் நிற்கும் இடத்தில் இட்லிக் கடை போட்டார். இட்லி, வடகறி. தெற்கே போகிற பஸ்கள் எல்லாம் அங்கே நிற்கும். பொங்கலுக்கு முந்தின மூன்று நாள் ஜி.எஸ்.டி. ரோடே தெரியாது, அவ்வளவு கூட்டம். அந்தக் கூட்டத்தில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதை எழுதி வைக்காமல், மனதிலேயே வைத்திருந்து சொல்வார். மார்பில் வந்த கட்டிக்கு இரண்டு வருஷம் முன்னால் ஆபரேஷன் ஆகியிருந்தது. இப்போது தலையில் ஒன்று. ஒன்றே ஒன்று, பெரிய நெல்லிக்காய் அளவு. இடது கண்ணுக்குப் போகும் நரம்புக்குப் பக்கத்தில்.

முதல் தடவை வந்தபோது பெரிய டாக்டர் எல்லா வகையையும் அவருக்குச் சொன்னார். தலை முழுக்கக் கொடுப்பது, திருகாணி போட்டு ஒரே நாளில் கொடுப்பது, முகமூடி போட்டு ஐந்து நாளில் கொடுப்பது. கன்னியம்மா பாக்கை ஒரு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு கேட்டார்.

"முழுத்தலைக்குக் குடுத்தா எனுக்குக் கணக்கு மறந்துடுமா சார்?"

"எல்லாருக்கும் ஆகாதும்மா. சிலருக்குக் கொஞ்சம் மந்தமாகலாம். ஆனா ஸ்கேன்ல தெரியாத சின்னக் கட்டி வேற எங்கயாவது இருந்தா, அதுக்கும் சேர்த்து மருந்து போயிடும். அது ஒரு லாபம்."

"இப்பக் கண்ணுக்குத் தெரியறது ஒண்ணு தானே?"

"ஒண்ணுதான்."

"அப்ப அந்த ஒண்ண மட்டும் பாருங்க. தெரியாதது வந்தா அப்ப பாத்துக்கலாம். பொங்கலுக்கு நான் கடைல நிக்கணும். மண்டைய மழுங்க வுட்டுட்டு நின்னு இன்னா புண்ணியம்?"

"திருகாணி போட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும். ஆனா கட்டி கண் நரம்புக்குப் பக்கத்துல இருக்கு. ஒரே அடியா அவ்ளோ கதிரை அந்த நரம்பு தாங்காது. அஞ்சா பிரிச்சுக் குடுத்தா தாங்கும்."

"ஒரே அண்டால மொத்தத்தயும் அவிக்காம, ஈடு ஈடா எறக்கறது. அதானே?"

பெரிய டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதாம்மா. அஞ்சு ஈடு."

அன்றிலிருந்து எங்கள் பிரிவில் ஈடு என்றுதான் சொல்வோம். "அவருக்கு எத்தனாவது ஈடு?" என்று கேட்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வியாழக்கிழமை அவருக்கு முகமூடி எடுத்தேன். இடுப்பு வரை முடி. நரை குறைவு. பின்னலை அவிழ்த்துவிடச் சொல்லி, படிய வாரி, அதன்மேல் ஷீட்டை இழுத்தேன். நன்றாகவே வந்தது. முகமூடியோடு ஸ்கேன் எடுத்தார்கள். வெள்ளி, சனி பிசிக்ஸ் சார் கணக்குப் போட்டார். திங்கட்கிழமை முதல் ஈடு.

திங்கட்கிழமை கன்னியம்மா வந்து முக்காட்டை எடுத்தார். மொட்டை. மொட்டை முழுக்கச் சந்தனம்.

மிஷின் அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அண்ணே, இங்க வாங்க. மாஸ்க்கைப் போட்டுப் பாருங்க."

போட்டேன். மாட்டினேன். நெற்றிக்கும் முகமூடிக்கும் நடுவில் என் சுண்டுவிரல் தாராளமாகப் போனது. உச்சியில் இரண்டு விரல்.

"ஏம்மா, யாரு மொட்டை போடச் சொன்னது?" என்று கேட்டார் பிசிக்ஸ் சார். குரலில் கோபம் இல்லை, அழுகைதான் இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து போட்ட கணக்கு.

"யாரு சொல்லணும்? பக்கத்துப் பெட்டுல ஒரு பொண்ணு சொல்லிச்சு, கதிர் குடுத்தா முடி அத்தினியும் கொட்டிடும்னு. மிஷினுக்குக் குடுக்கறத சாமிக்கே குடுத்துட்டுப் போறேன்னு நேத்து வார்டுல லீவு சொல்லிட்டு சிங்கப்பெருமாள் கோவிலாண்ட போயி இறக்கிட்டேன்."

"அது எங்க குலதெய்வம் சார்," என்றார் தேவராஜ். "ஆபரேஷன் ஆனப்பவே நான் வேண்டிக்கினது. இப்ப அக்கா தலைல இருந்து நோவு எறங்கணும்னா முடி எறங்கணும். இன்னிக்கு நாளும் நல்லாக்கீது. இன்னிக்கே ஆரம்பிச்சுடுங்க சார்."

கதிரை அந்த ஒரு இடத்தில் மட்டும் குவித்தால் முடி மொத்தமாகக் கொட்டாது. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. முடியை எடுக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாங்கள் நினைக்கவே இல்லை. பெண்பிள்ளை, ஐம்பது வயது, அவ்வளவு முடி. இதில் போய் மொட்டை வரும் என்று யார் நினைப்பார்கள்?

இதுவரை நடந்தது பிழை. இனிமேல்தான் நீங்கள் கவனிக்க வேண்டியது.

எல்லாருக்கும் அவசரம். புது மிஷினுக்கு வரிசையாக ஆள் காத்திருந்தார்கள். அன்று விட்டால் அந்த நேரம் வேறு ஒருவருக்குப் போய்விடும். கன்னியம்மாவுக்கு இடது கண்ணில் புகை மாதிரி வர ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வீக்கம் குறைய ஊசி போட்டுக்கொண்டிருந்தோம். ஊசி எத்தனை நாள் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது.

நான் சொன்னேன். "சார், இடைவெளில ஸ்பாஞ்ச் வெச்சு அடைச்சுடறேன். டைட்டா நிக்கும்."

"வெச்சுக் காட்டுங்க," என்றார் பெரிய டாக்டர்.

வைத்தேன். மாட்டினேன். நின்ற மாதிரிதான் இருந்தது.

"கன்னியம்மா, கொஞ்சம் தலையை இந்தப் பக்கம் திருப்புங்க."

திருப்பினார். முகமூடி அசையவில்லை. உள்ளே தலை அசைந்தது. ஸ்பாஞ்ச் அமுங்கிக்கொடுத்தது. நான் ஸ்பாஞ்சை எடுத்துவிட்டேன்.

பிசிக்ஸ் சார் வேறு வழி சொன்னார். "சார், இன்னிக்கு ஹோல் பிரெயின் ஆரம்பிச்சுடலாமே? மாஸ்க் லூஸா இருந்தாலும் அதுக்குப் பிரச்சினை இல்ல. ரெண்டு மூணு நாள் அப்படிக் குடுத்துட்டு, புது பிளான் வந்ததும் ஸ்பாட்டுக்கு மாறிக்கலாம். ஒரு நாளும் வேஸ்ட் ஆகாது."

தப்பான யோசனை இல்லை. பல இடங்களில் அப்படிச் செய்வார்கள். பெரிய டாக்டரும் உடனே மறுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு அவசரம் வந்தால் உட்கார்ந்துவிடுவார். அதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

"இப்ப அவசரம் அவசரம்னு எல்லாரும் சொல்றோம்," என்றார். "இந்த அவசரம் யாரோடது? மிஷினோட நேரம் நம்ம அவசரம். நல்ல நாள் தேவராஜோட அவசரம். நோயோட அவசரம் எவ்வளவு? அதை இன்னும் யாரும் கேக்கல."

எழுந்து கன்னியம்மாவின் எதிரே போனார். வலது கண்ணை மூடச் சொன்னார். பக்கவாட்டில் விரலைக் காட்டினார்.

"எத்தனை விரல்?"

"ரெண்டு."

"இப்போ?"

"ஒண்ணு. சார், கைல மோதிரம் போட்டுக்கினு கீறீங்க, அது கூடத் தெரியுது."

"வெள்ளிக்கிழமை எப்படித் தெரிஞ்சது?"

"இதே மாரி தான் கீது. பொக கீது, ஆனா கூடல."

"தலைவலி?"

"கொறஞ்சிருக்கு. வாந்தி இல்ல. நாஸ்தா நல்லா துன்னேன்."

பெரிய டாக்டர் எங்கள் பக்கம் திரும்பினார். "ஊசி வேலை செய்யுது. நோய் நமக்கு ரெண்டு நாள் குடுக்குது. அந்த ரெண்டு நாளை வாங்கிக்கலாம். இன்னிக்குப் புது மாஸ்க், இன்னிக்கே ஸ்கேன். நாளைக்கு பிளான். புதன்கிழமை ஆரம்பம். நடுவுல கண்ணு மங்குச்சுன்னா, அந்த நிமிஷமே முழுத்தலைக்குப் போயிடுவோம். கன்னியம்மா, உங்களுக்குச் சம்மதமா? ரெண்டு நாள்ல கண்ணுக்கு ஏதும் ஆகாதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

கன்னியம்மா இடது கண்ணை ஒரு கையால் மூடிப் பார்த்தார். பிறகு சொன்னார். "கண்ணு ரெண்டு கீது. மண்டை ஒண்ணு தான் கீது. நீ சொன்ன மாரியே செய் சார்."

தேவராஜ் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார்.

சந்தனத்தைக் கழுவ வேண்டும். சாமி சந்தனம், கால்வாயில் போகக் கூடாது என்றார் கன்னியம்மா. மிஷின் அக்கா ஒரு பேசினில் தண்ணீர் பிடித்துக் கழுவி, அந்தத் தண்ணீரை எடுத்துப்போய் வாசலில் இருந்த செம்பருத்திச் செடிக்கு ஊற்றினார். இதெல்லாம் புத்தகத்தில் இருக்காது. ஆனால் அதைச் செய்யாவிட்டால் அந்தத் தலை என் மேஜைக்கு வந்திருக்காது.

புது ஷீட்டை இளக்கினேன். பிசிக்ஸ் சார் பக்கத்திலேயே ஸ்கேலோடு நின்றார். காதிலிருந்து மூக்குக்கு, மூக்கிலிருந்து உச்சிக்கு என்று அளந்தார்.

"இன்னாபா, இப்பிடி அளக்கற," என்றார் கன்னியம்மா. "பொண்ணு பாக்க வந்தியா?"

பிசிக்ஸ் சார் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "மொட்டையா இருந்தா எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்கம்மா."

"முடி மொளைக்கும்பா. நீ கணக்க ஒழுங்கா போடு."

செவ்வாய்க்கிழமை காலை தேவராஜ் மோல்டு ரூமுக்கு ஓடி வந்தார். கதவைத் தட்டவில்லை.

"நேத்தே குடுங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கினேன். கேட்டீங்களா? அக்காவுக்குக் கண்ணு தெரியல! எடது கண்ணு எரியுதுன்றா, ஒண்ணும் தெரியலன்றா!"

கையிலிருந்த ஷீட்டைக் கீழே போட்டுவிட்டேன். சொல்வதற்கு வெட்கமில்லை. பெரிய டாக்டர் வார்டுக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். கன்னியம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு படுத்திருந்தார். கண் சிவந்திருந்தது. நீர் வழிந்தது. பிசிக்ஸ் சார் அதற்குள் வந்துவிட்டார். அவர் முகத்தில், முழுத்தலைக்குப் போக வேண்டியதுதான் என்ற முடிவு தெரிந்தது. அவர் நினைத்ததில் குற்றமில்லை. முந்தின நாள் பேசிக்கொண்டது அதுதான்.

பெரிய டாக்டர் அப்போதும் உட்கார்ந்தார். கட்டிலின் ஓரத்தில். கன்னியம்மாவின் முக்காட்டை விலக்கி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். விரலை முகர்ந்து பார்த்தார்.

"மறுபடி சந்தனம் யாரு போட்டது?"

தேவராஜ்தான் சொன்னார். "மொட்டத்தல சூடு புடிச்சுக்கும்னு நான் தான் காலைல கொழைச்சுப் பூசினேன் சார். லேசா தான்."

லேசாக இல்லை. வேர்வையில் கரைந்து கண்ணுக்குள் இறங்கியிருந்தது. நர்ஸ் ஈரப் பஞ்சால் துடைத்து, கண்ணைக் கழுவிவிட்டார். கொஞ்ச நேரம் பொறுத்து டாக்டர் விரலைக் காட்டினார்.

"எத்தனை?"

"மூணு."

"புகை?"

"நேத்து மாரி தான் கீது." கன்னியம்மா தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "டேய், சாமிக்கு என் முடி போதும்டா. கண்ணையும் சேத்து வேண்டிக்கினியா?"

வார்டே சிரித்தது. தேவராஜும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். அக்காவைவிட்டால் அவருக்கு யாரும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்கு முன்னால் அவரைக் குழப்பம் பண்ணுகிற ஆள் என்றுதான் நினைத்திருந்தேன்.

புதன்கிழமை முகமூடியைப் போட்டேன். இத்தனை வருஷத்தில் நான் எடுத்ததில் அதுதான் சிறந்த முகமூடி. நடுவில் முடி இல்லை. மண்டையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அதில் இருந்தது. சரிபார்க்கும் படம் எடுத்து பிசிக்ஸ் சார் ஸ்கேல் வைத்துப் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் அப்படி ஆட்டியது எனக்குப் போதும்.

தேவராஜ் விடவில்லை. "பாத்தீங்களா சார்? முடி எறக்கினதால தான் மூடி நல்லா குந்திச்சு. சாமி சும்மா செய்யுமா?"

"செய்யாதுப்பா," என்றார் பெரிய டாக்டர். "அடுத்த தடவை மாஸ்க் எடுக்கறதுக்கு ஒரு நாள் முன்னாடியே செய்யச் சொல்லு."

ஐந்து ஈடும் நல்லபடியாக முடிந்தது. கடைசி நாள் முள் மாதிரி முடி முளைத்து முகமூடி கொஞ்சம் இறுகியது. "குத்துதுபா" என்றார், அவ்வளவுதான். கண்ணில் புகை மெல்லப் போனது. சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் நெல்லிக்காய் மிளகாகியிருந்தது.

இதிலிருந்து எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் வந்தது. முகமூடி எடுக்கும் முன் கேட்போம். வேண்டுதல் ஏதாவது இருக்கிறதா? திருப்பதிக்கோ பழனிக்கோ வேளாங்கண்ணிக்கோ முடி கொடுக்கப் போகிறீர்களா? சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறீர்களா, தாடியை எப்போது எடுப்பீர்கள்? இருந்தால், முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள். இல்லையென்றால் சிகிச்சை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் யாரும் கோபப்படுவதில்லை. சந்தோஷப்படுகிறார்கள். நீங்களும் கேளுங்கள். நோயாளி தனியாக வருவதில்லை. வீடும் சாமியும் சேர்ந்துதான் வருகிறார்கள்.

இன்னொன்று. ஒரு இடத்தில் மட்டும் குவிப்பது உயர்ந்தது, தலை முழுக்கக் கொடுப்பது பழசு என்று நீங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டேன். அப்படி நினைக்காதீர்கள். கன்னியம்மாவுக்குப் பின்னால் வேறு கட்டிகள் வந்தன. ஒன்று இரண்டல்ல, பரவலாக. அப்போது பெரிய டாக்டர் முழுத்தலைக்குத்தான் கொடுத்தார். அப்போது அதுதான் சரி. கன்னியம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. "முடி தான் போவுது, போவட்டும்" என்றார். கடைக் கணக்கைத் தேவராஜிடம் அதற்கு முன்பே ஒப்படைத்திருந்தார். எது உயர்ந்தது என்று கேட்டால் பதில் வராது. இந்தத் தலைக்கு, இந்த வாரம், எது என்று கேளுங்கள்.

நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். பெருங்களத்தூரில் இறங்கினால் அந்தக் கடை இன்னும் இருக்கிறது. தேவராஜ் நடத்துகிறார். இட்லி முன்பு மாதிரியே இருக்கிறது. கணக்கை மட்டும் எழுதி வைத்துக்கொள்கிறார். போன மாதம் போனபோது அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அந்த முதல் சிகிச்சைக்குப் பிறகு அக்கா எத்தனை பொங்கல் கூட்டத்துக்குக் கடையில் நின்றார் என்று கேட்டேன். நினைவு தப்பாமல், யாருக்கும் ஒரு இட்லி கூடக் குறையாமல். தேவராஜ் விரல் மடக்கி எண்ணிச் சொன்னார்.

நான்கு.